அரவேணுவில் வளர்ந்த ஃபிலிம்

பச்சைத் தேயிலை கிலோ பதினாறு ரூபாயிலிருந்து நாலரைக்கு இறங்கிய வருடம், மலை ஊரான அரவேணுவில் தேவநேசனின் டீத்தூள் பேக்கிங் ஷெட்டில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் ஃபிலிம் ரோல் வளரத் தொடங்கியது. ஆகஸ்டில் நாளைக்கு ஒரு விரற்கடை வளர்ந்தது. அக்டோபர் மழையில் ஒரு முழம். கிறிஸ்துமஸ் நெருங்கும்போது ராத்திரிக்கு நாலு கஜம். இதை முதலில் கண்டவள் பாக்கெட்டுகளின் வாயை ஒட்டும் மெஷினில் வேலை செய்த மெட்டில்டா. சனிக்கிழமை தீர்ந்திருக்க வேண்டிய ரோல் தீரவில்லை. பேனாவால் ஃபிலிமின் முனையை ஒட்டி ஒரு கோடு போட்டுவிட்டுப் போனாள். திங்கட்கிழமை கோட்டைத் தாண்டிப் புது ஃபிலிம் தொங்கியது. அவளுக்குப் பயம் வரவில்லை. ஸ்கேல் எடுத்து அளந்தாள்.

தேவநேசன் கோயம்புத்தூருக்குப் போன் போட்டு, ஃபிலிம் சப்ளை செய்யும் ஜெகதீசனை வரவழைத்தார். ஜெகதீசன் இரவல் ஸ்வெட்டரில் நடுங்கிக்கொண்டே ரோலைத் தட்டிப் பார்த்தார்.

"நாடு பூராவும் ஃபிலிம் மார்க்கெட் வருசத்துக்குப் பன்னண்டு பர்சென்ட் வளருதுங்க. முன்னெல்லாம் பேப்பர்ல பொட்டலம் கட்டுனாங்க, இப்ப ஊறுகாயிலிருந்து ஷாம்பு வரைக்கும் பாக்கெட்டுத்தான்."

"வளருதுன்னா இப்பிடிங்களா?" என்றாள் மெட்டில்டா.

"மத்த ஊர்ல எப்படின்னு நானும் போய்ப் பார்த்ததில்லீங்க" என்று ஒப்புக்கொண்டு அவர் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார்.

மெட்டில்டாவின் கணவர் அம்புரோஸ் எஸ்டேட் ஃபேக்டரியில் இலை வாட்டும் தட்டுகளைப் பார்த்துக்கொண்டவர். வாரத்துக்கு இரண்டு நாள்தான் வேலை என்று ஆனதும், எஸ்டேட் ஆட்கள் குடியிருந்த லைன் வீடுகளில் பாதிப் பேரைப் போல அவரும் திருப்பூருக்கு இறங்கிவிட்டார். மூன்று மாதம் கடிதம் வந்தது. அப்புறம் எட்டு மாதம் ஒன்றும் இல்லை. பூசை முடிந்து சர்ச் வாசலில் யாராவது விசாரித்தால், பனியன் கம்பெனியில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டு நடையை எட்டிப்போடுவாள்.

நவம்பரில் ஃபிலிமின் படம் மாறியது. அதுவரை பாக்கெட்டின் மேல் கூடையோடு ஒரு பெண் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தாள். புதிதாக வளர்ந்த பகுதியில் அவளைக் காணோம். அந்த இடத்தில் மூன்றாவது லைன் மயில்சாமியின் மகள் கீர்த்தனா தரையில் உட்கார்ந்து பனியன் மடித்தாள். நாலு கலரில் அச்சாகியிருந்தது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் மை கலங்கியிருந்தது. அடுத்த கஜத்தில் அதே லைன் பாலன் சாயத்தொட்டியைக் கிளறிக்கொண்டிருந்தான். மலையை விட்டுப் போனவர்கள் ஒவ்வொருவராகப் படத்தில் வந்தார்கள். கம்பெனிப் பெயர் இருந்த இடத்தில் அப்படியே இருந்ததால் தேவநேசன் மெஷினை நிறுத்தச் சொல்லவில்லை. கீர்த்தனா கால் கிலோ டீத்தூளைச் சுற்றிக்கொண்டு ஈரோட்டுக்கும் பாலக்காட்டுக்கும் போனாள். அவள் அம்மா சுகுணா தினமும் காலையில் ஷெட்டுக்கு வந்து, "இன்னிக்கு முகம் கொஞ்சம் தெளிஞ்சிருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுக் கொழுந்தெடுக்கப் போனாள்.

மெட்டில்டா ஒரு மணி நேரம் முன்னாடியே வந்து, ராத்திரி வளர்ந்ததைக் முழம் முழமாகத் தள்ளிப் பார்த்தாள். தன் ஆள் வர வேண்டும் என்றும் இருந்தது, வேறு ஒருத்தியோடு வந்துவிடக் கூடாதே என்றும் இருந்தது. டிசம்பர் ஒன்பதாம் தேதி அம்புரோஸ் படத்தில் வந்தார். தனியாகத்தான். ஒரு குடோன் படியில் உட்கார்ந்திருந்தார். வலது கை மணிக்கட்டு வரை துணியால் சுற்றியிருந்தது. பின்னால் ஜெயம் பேக்கரி என்று ஒரு போர்டு, பக்கத்தில் பதினேழு என்று எண் எழுதிய டிரான்ஸ்ஃபார்மர். அந்தத் துண்டை மட்டும் வெட்டி மடித்து ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு தேவநேசனிடம் லீவு கேட்டாள்.

மேட்டுப்பாளையம் இறங்கும்வரை திட்டுவதற்கு வார்த்தை சேர்த்துக்கொண்டே போனாள். திருப்பூரில் ஃபிலிமைக் காட்டிக் காட்டி வழி கேட்டாள். டீ பாக்கெட்டை வைத்து விலாசம் கேட்பதில் யாருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை. பதினேழாம் நம்பர் டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிரே அம்புரோஸ் அதே படியில்தான் உட்கார்ந்திருந்தார்.

"ஏனுங்க, ஒரு வரி எழுதிப் போடக் கூடாதுங்களா? செத்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

அவர் துணியை அவிழ்த்தார். கட்டிங் மெஷின் மூன்று விரலை எடுத்துவிட்டிருந்தது. "எந்தக் கையில எழுதறது? இந்தக் கையோட வந்து உஞ் சம்பளத்துல உக்காந்து திங்கறதா?"

மெட்டில்டா அந்தத் துணியை வாங்கித் திரும்பச் சுற்றிவிட்டாள். "எந்திரீங்க, அஞ்சு மணி பஸ்ஸு போயிரும்" என்றாள்.

அவர்கள் மலையேறிய மறுநாள் வளர்ந்த ஃபிலிமில் அந்தப் படி இருந்தது, பேக்கரி இருந்தது. அம்புரோஸ் இருந்த இடத்தில் மை இல்லை. அவர் உட்கார்ந்த உருவத்தின் அளவுக்கு ஃபிலிம் கண்ணாடி மாதிரி இருந்தது. பாக்கெட் போட்டால் உள்ளே டீத்தூள் தெரிந்தது. உள்ளே இருப்பதைப் பார்த்து வாங்க முடிகிறதென்று கடைக்காரர்கள் அந்தப் பாக்கெட்டையே கேட்டார்கள். அடுத்த வருடம் மலைக்குக் கீழே இருந்த கம்பெனிகளும் பாக்கெட்டில் ஜன்னல் விட ஆரம்பித்தன. ஜெகதீசன் ஆர்டர் எடுக்க வந்தபோது, தன் கணக்கில் வளர்ச்சி பதினான்கு பர்சென்ட் ஆகிவிட்டது என்றார்.

தேயிலை விலை ஏறவில்லை. கீர்த்தனா திருப்பூரிலேயே கல்யாணம் செய்துகொண்டாள். பாலன் சாயத்தொட்டியை விட்டுத் திரும்பி வந்தான், அவன் உருவத்துக்கும் ஒரு ஜன்னல் விழுந்தது. அம்புரோஸை ரோல் பார்த்துக்கொள்ளும் வேலைக்குத் தேவநேசன் எடுத்துக்கொண்டார். காலை ஏழரைக்கு அவர் இடது கையால் ஃபிலிமை இழுத்து நீள மேசையில் விரிப்பார். லைன் ஆட்கள் சாப்பாட்டுத் தூக்குப்போசியோடு வந்து, குனிந்து, தங்கள் பிள்ளைகள் முந்தின நாள் என்ன செய்தார்கள் என்று பார்ப்பார்கள். கூட்டம் கூடினால் மெட்டில்டா வரிசையில் நிற்கச் சொல்வாள். எட்டு மணிக்கு மெஷினைப் போடுவார்கள்.