தோற்றவன் சொல்ல வேண்டியது

வந்தவர்களுக்கு நாற்காலி போதவில்லை. அப்பாவின் அறையிலிருந்த சக்கரம் வைத்த கம்ப்யூட்டர் நாற்காலியையும் அவள் வாசலுக்கு உருட்டிக்கொண்டு வந்தாள். கூடத்தில் சவப்பெட்டிக்குள் இருந்த அப்பாவைப் பார்த்துவிட்டு வந்த ஒருவர், அந்த நாற்காலியின் பக்கத்திலேயே நின்றார்.

"உக்காருங்க சார்."

"இது அவரு சீட்டாச்சே. வேணாம்மா." குரலைத் தாழ்த்தினார். "நான்தான் தேள்."

அவள் சட்டென்று திரும்பிப் பார்த்தாள். பத்தடி தள்ளி அம்மா உட்கார்ந்திருந்தாள். 'அந்தத் தேள்தான் மனுஷனுக்கு பிரஷரை ஏத்திக் கொன்னுட்டான், வரட்டும், நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேக்கறேன்' என்று காலையிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி அழுதுகொண்டிருந்தாள்.

முப்பது வருடம் பஸ் ஓட்டிய அப்பா, ஓய்வு பெற்றதும் விண்வெளியில் போர் விமானம் ஓட்டக் கிளம்பினார். கம்ப்யூட்டர் விளையாட்டுதான். ஆனால் அதில் சேர்ந்து ஆடிய பதினோரு விமானிகளுக்கும் மூக்கு நுனியில் கோபம். 'பொறுமை' என்று பெயர் வைத்துக்கொண்டவனுக்கு அரை நிமிடம் பொறுமை கிடையாது. 'டிரைவர்' அப்பா; அவசரப்படாமல் காத்திருந்து சுடுவார். தேள் பின்னால் வந்து கொட்டுவார். ஏழு வருடப் பகையில் அப்பா ஒருமுறைகூட அவரிடம் தோற்றதில்லை. அங்கே ஒரு சட்டம் உண்டு. தோற்றவன் தன் வாயால் 'ஜெயம் உனக்கு' என்று மைக்கில் சொன்னால்தான் அது வெற்றி. சொல்லாமல் ஓடுகிறவன் கோழை.

"நேத்து மூணே காலுக்கு அவரைச் சுட்டுட்டேம்மா," என்றார் தேள். "விமானம் ஆடாம அசையாம நின்னுச்சு. டிரைவர் அப்படி நிக்கிற ஆளே இல்ல. அப்பவே எனக்கு உறைச்சிருக்கணும். சந்தோஷத்துல கண்ணு தெரியல."

"அப்புறம்?"

"சொல்லுய்யா சொல்லுய்யான்னு கத்தினேன். பதிலே இல்ல. வாய்க்கு வந்தபடி திட்டிட்டேன். கோழைன்னேன். இன்னும் என்னென்னமோ..." கைக்குட்டையைக் கசக்கினார். "அது அவரு காதுல விழுந்துச்சாம்மா?"

விழுந்தது. காபியோடு அறைக்குள் போனவளுக்கே ஹெட்போனைத் தாண்டி அந்தக் கத்தல் கேட்டது. திரை சிவந்து கிடந்தது. அப்பா ஒருபக்கமாகச் சாய்ந்திருந்தார். ஹெட்போன் காதில்தான் இருந்தது, அவள்தான் கழற்றினாள். கண் திறந்திருந்தது, உதடு அசைந்தது. வாயருகே காதை வைத்தபோது, "ஜெயம்..." என்று வந்தது. மீதி வரவில்லை. அதற்குப் பிறகு அவர் பேசவே இல்லை.

சொல்லிவிடலாம். ஆயுசுக்கும் இந்த ஆள் தூங்க மாட்டார். அவளுக்கு அந்த ஆசை நிஜமாகவே இருந்தது. ஆனால் அதைச் சொன்னால் அப்பாவின் கடைசிச் சொல்லையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும். பெற்ற மகளுக்கு ஒரு வார்த்தை மிச்சம் வைக்காமல் போன மனுஷன், இந்த ஆளுக்கு வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. கொடுக்க மனம் வரவில்லை.

"ஹெட்போன் கழண்டு கீழ கிடந்துச்சு," என்றாள். "அவருக்கு எதுவும் கேக்கல."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்போ அது ஜெயமே இல்லம்மா. எல்லார்கிட்டயும் சொல்லிடறேன். டிரைவர் என்கிட்ட தோக்கவே இல்ல."

அவள் நாற்காலியின் கைப்பிடியைத் துடைத்தாள்.

"யாருடி அது, ரொம்ப நேரமா பேசிட்டிருக்க?" அம்மா எழுந்து வந்துவிட்டாள். அழுது வீங்கிய கண்ணால் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். தேள் வாயைத் திறக்கப் போனார். அவள் முந்திக்கொண்டாள்.

"அப்பாகூட வண்டி ஓட்டினவரும்மா."

அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பெட்டியைத் தூக்க ஒரு ஆள் குறையுதுங்கறாங்க. வர்றீங்களாப்பா?"

பெட்டி தோளுக்கு ஏறியபோதுதான் அவர் எவ்வளவு உயரம் என்று தெரிந்தது. மற்ற மூவரும் குள்ளம். பெட்டி சாயாமலிருக்க, அவர் முழங்காலை மடக்கி, தெருமுனை வரைக்கும் அப்படியே குனிந்து நடந்து போனார்.