ஸ்மெல்லுக்கு வேறு சொல்

ஸ்மெல் என்ற சொல்லை அந்தக் கம்பெனிக்குள் யாரும் வாய்விட்டுச் சொல்லக்கூடாது என்பது முதலாளியின் உத்தரவு. வீடுகளுக்கும் குளியலறைகளுக்கும் வாசனைத் திரவம் தயாரித்து விற்கும் இடம் அது. ஸ்மெல் என்றாலே ஜனங்களுக்கு நாற்றம்தான் ஞாபகம் வருகிறது, நாமென்ன நாற்றமா விற்கிறோம் என்பது அவர் கட்சி.

வேறு சொல் கண்டுபிடிப்பதற்கென்றே ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார். ஆங்கிலம் படித்தவள். ஒரு சொல்லைச் சொன்னால் அதன் பங்காளி, சம்பந்தி, ஒன்றுவிட்ட சித்தப்பா வரை கூட்டிக்கொண்டு வந்து நிறுத்துவாள். அதனால் ஆபீஸில் அவளுக்கு அகராதி என்று பெயர். அறிவைப் பாராட்டி வைத்த பெயரா, வாய்க்கொழுப்பைக் குத்திக்காட்ட வைத்த பெயரா என்பதை வைத்தவர்கள் சொல்லவில்லை. இரண்டும் பொருந்தும் என்பதால் அவளும் கேட்டுக்கொள்ளவில்லை.

பின்கட்டில் இருந்தது ஒரே தொட்டி. அதிலிருந்து பிளாஸ்டிக் பாட்டிலில் பிடித்தால் அது ‘சென்ட்’. கொஞ்சம் தடித்த பாட்டிலில் பிடித்தால் ‘ஃப்ராக்ரன்ஸ்’. கண்ணாடிக் குப்பியில் பிடித்து, மரமூடி போட்டு, கழுத்தில் ஒரு கயிறும் கட்டிவிட்டால் ‘அரோமா’. ஏழைக்கு சென்ட், நடுத்தரத்துக்கு ஃப்ராக்ரன்ஸ், காரில் வந்து இறங்குபவர்களுக்கு அரோமா. உள்ளே இருப்பது ஒன்றுதான் என்று முதலாளிக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். இருந்தாலும் குப்பிக்கு லேபிள் எழுதும்போது மட்டும் அவள் தனி அக்கறை எடுத்துக்கொள்வாள். எலுமிச்சைப் பூ உதிர்ந்து கிடக்கும் பாதையில் விடியற்காலையில் வெறுங்காலோடு நடப்பதுபோல என்று கடைசியாக எழுதியிருந்தாள். எழுதி முடித்து, இப்படிப் புளுகுகிறோமே என்று தானே சிரித்துக்கொண்டாள்.

இப்படிச் சுமுகமாகப் போய்க்கொண்டிருந்த நேரத்தில் முதலாளியின் மச்சான் புதுச் சரக்கோடு வந்தார். கொள்முதல் பிரிவை அவர்தான் பார்த்துக்கொண்டிருந்தார். அக்காளின் கணவரிடம் வேறெந்தப் பிரிவையும் கேட்கத் தெரியாத அப்பாவி. எங்கேயோ மலிவாகக் கிடைத்ததென்று பீப்பாய் பீப்பாயாக ஒரு எசன்ஸை இறக்கி, இதற்கு மழைக்காடு என்று பெயர் வைப்போம், ஊரே மணக்கப் போகிறது என்றார்.

மீட்டிங் போட்டார்கள். காகிதப் பட்டைகளின் நுனியை எசன்ஸில் நனைத்து ஆளுக்கொன்று கொடுத்தார்கள். மூக்கருகே கொண்டுபோன அகராதிக்குக் கண்ணில் நீர் முட்டியது. மச்சான் எல்லோரையும் ஒரு சுற்று பார்த்துவிட்டு, எர்த்தியாக இருக்கிறதல்லவா என்றார். மார்க்கெட்டிங் மேனேஜர் மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒரு டெப்த் இருக்கிறது என்றார். கணக்கு அதிகாரி கைக்குட்டைக்குள்ளிருந்து, ரொம்ப நேச்சுரல் என்றார். அவளுடைய முறை வந்தது. வேலையைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு சொல் போதுமே, அவளிடம் சொல்லுக்கா பஞ்சம். தனித்த ஒரு கேரக்டர் தெரிகிறது என்றாள்.

முதலாளி கண்ணை மூடி, பட்டையை மூக்கில் வைத்து ஆழமாக இழுத்து, எனக்கும் அதேதான் தோன்றியது என்றார். அவர் மூக்கில் வைத்திருந்தது பட்டையின் நனையாத முனை. அவள் பார்த்தாள். பெரிய மனிதர்கள் எந்த முனையை முகர்ந்தாலும் சரியாகத்தான் இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

லேபிள் எழுதுவதற்காக ஒரு சின்னக் குப்பியை வீட்டுக்கு எடுத்துப்போனாள். சாயங்காலம் கூடத்தில் உட்கார்ந்து மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, வராத வார்த்தையை வரவழைத்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் பிளம்பர். வேலை முடித்து வந்தவன் வாசலிலேயே ஒரு கணம் நின்றான். பையிலிருந்து ஸ்பானரை எடுத்துக்கொண்டு நேராகக் குளியலறைக்குப் போனான். தரையில் குப்புறப் படுத்து, கழிவுநீர்க் குழாயின் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான். பிறகு சமையலறைத் தொட்டிக்கு அடியில் தலையை விட்டான். அரைமணி நேரம் கழித்து ஈரச்சட்டையோடு வந்து, “எங்கேயும் அடைப்பு இல்லையே. மேல் வீட்டுக்காரங்களுதா இருக்கும், போய்ப் பாத்துட்டு வரேன்” என்றான்.

அவள் குப்பியை மூடினாள். போக வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

மறுநாள் காலையில் முதலாளியின் அறைக்குப் போனாள். வழியெல்லாம் சரியான சொல்லைத் தேடிக்கொண்டே வந்திருந்தாள். நாற்றம் என்று பொருள்படும் ஸ்டிங்க் என்றால் வேலை போய்விடும். அதைவிடக் காட்டமான ஸ்டெஞ்ச் என்றால் மச்சானுக்கும் போய்விடும், அதனால் அது நடக்காது. கடைசியில் மணத்துக்கும் நாற்றத்துக்கும் பொதுவான இரண்டுங்கெட்டான் ஒன்றைப் பொறுக்கி எடுத்து, புதுச் சரக்கில் லேசாக ஒரு ஓடர் இருக்கிறது என்றாள்.

“ஓடர்னா நல்லதா, கெட்டதா?”

“அது இடத்தைப் பொறுத்தது சார்.”

முதலாளி எழுந்து கதவைச் சாத்தினார். மேஜை மேல் அரோமா குப்பி ஒன்று, லேபிள் தன் பக்கம் தெரியும்படி திருப்பி வைக்கப்பட்டிருந்தது. அதைத் தொட்டுக்கொண்டே மெல்லிய குரலில் சொன்னார். “எனக்கு மூக்கு செத்துப்போய் ரெண்டு வருஷமாச்சும்மா. ஒரு காய்ச்சல் வந்துச்சு, அதோட போச்சு. வாசனை விக்கிறவனுக்கு மூக்கு இல்லன்னு தெரிஞ்சா மச்சான் என்னை நாற்காலியோட தூக்கி வெளியில வெச்சிடுவான். அதான் யாருக்கும் சொல்லல. நீ எழுதுறதைத்தான் காலையில வந்து படிச்சுக்குவேன். அந்த எலுமிச்சைப் பூ எழுதியிருந்தே பாரு, அது நல்லா இருக்கு.”

அவள் அந்தக் குப்பியைப் பார்த்தாள். ஊரை ஏமாற்ற எழுதியதை ஒரு மனிதர் உண்மையிலேயே முகர்ந்துகொண்டிருந்திருக்கிறார். அதுவும் தொட்டி ஒன்றுதான் என்று தெரிந்த மனிதர்.

“நாறுது சார்” என்றாள்.

முதலாளி நாற்காலியில் உட்கார்ந்தார். கோபம் வரப்போகிறது என்று அவள் காத்திருந்தாள். அவரோ, “எப்படி நாறுது? கொஞ்சம் விவரமா சொல்லேன்” என்று ஆசையோடு முன்னால் குனிந்தார்.

அவள் இங்கிலீஷைக் கழற்றி வைத்துவிட்டுச் சொல்ல ஆரம்பித்தாள். முதலில் பிழியாமல் போட்டுவைத்த துணியின் முடைவாடை. அது அடங்குவதற்குள் அழுகின முட்டைக்கோஸ். அதற்கும் அடியில், பல நாள் தேங்கிய சாக்கடையைக் குச்சியால் கிளறினால் குப்பென்று வந்து நெஞ்சில் உட்காருமே, அந்த வீச்சம். கூடவே மண்ணெண்ணெய் நெடி கொஞ்சம். சொல்லச் சொல்ல முதலாளியின் முகம் சுருங்கியது. மூக்கைப் பொத்திக்கொண்டு, குமட்டலை விழுங்கி, கையை ஆட்டி நிறுத்தச் சொன்னார். அவர் கண்ணில் நீர் வந்திருந்தது. இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த மனிதருக்குக் கிடைத்த முதல் நிஜமான வாசனை அதுதான். துடைத்துக்கொண்டு, “அந்த முட்டைக்கோஸ் மட்டும் இன்னொரு தடவை சொல்லு” என்றார்.

அன்று மதியமே மறுபடியும் மீட்டிங். சரக்கு நாறுகிறது என்று முதலாளி வாயைத் திறந்ததுதான் தாமதம், அன்றைக்கே சொன்னோமே என்று ஆளாளுக்குக் கிளம்பினார்கள். டெப்த் என்று தான் சொன்னது பாதாளச் சாக்கடையை மனத்தில் வைத்துத்தான் என்றார் மேனேஜர். நேச்சுரல் என்றால் சாணமும்தானே சேர்த்தி என்றார் கணக்கு அதிகாரி. மச்சான் கொஞ்சம்கூட அசரவில்லை. “எர்த்தின்னா என்ன மாமா? மண்ணு. மண்ணுன்னா எல்லாம்தான் இருக்கும். நான் ஜாடையா எச்சரிச்சேன், உங்களுக்குத்தான் புரியல” என்றார். அவர்கள் சொன்னதெல்லாம் சரிதான் என்று ஒப்புக்கொண்ட முதலாளி, பீப்பாய்களை மச்சான் வீட்டுப் பின்புறத்தில் இறக்கி வைக்கச் சொன்னார். அப்போதுதான் அந்த அப்பாவி முதல் தடவையாகச் சரியான சொல்லைச் சொன்னார். வீடே நாறிப்போகும் மாமா என்றார்.

அகராதிக்குப் பதவி உயர்வு கிடைத்தது. ‘சென்சரி அட்வைசர்’ என்று கதவில் பலகை மாட்டினார்கள். சம்பளத்தில் யாரும் கை வைக்கவில்லை, குறைப்பதற்கும் சரி, கூட்டுவதற்கும் சரி. புதுச் சரக்கு எது வந்தாலும் முதலில் அவள் முகர்ந்து, முதலாளி அறையில் உட்கார்ந்து, உள்ளது உள்ளபடி அவருக்குச் சொல்ல வேண்டும். லேபிளில் எழுதுவது வேறு கதை; அது பழையபடியேதான் நடந்தது.

ஒருநாள் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்தவளை நிறுத்தி, இந்த அறை எப்படி இருக்கிறது என்று கேட்டார். நான்கு மூலையிலும் அவருடைய குப்பிகளே திறந்திருந்தன. அவள் ஒருமுறை மூச்சை இழுத்தாள். பொருத்தமான சொற்கள் வழக்கம்போல வரிசையில் வந்து நின்றன. அவற்றையெல்லாம் தள்ளிவிட்டு, “உங்க சாப்பாட்டு டப்பா இங்கே எங்கேயோ இருக்கு சார். ஊசிப்போயிருக்கு” என்றாள்.

முதலாளி மேஜைக்கடியில் தேடினார். அலமாரிக்குப் பின்னால் கிடைத்தது. முந்தாநாள் மனைவி கட்டிக்கொடுத்தது, சாப்பிட மறந்துவிட்டேன் என்றார். ஆளைக் கூப்பிடவில்லை. டப்பாவைத் தானே எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போனார். அங்கே கைகழுவிக்கொண்டிருந்த மார்க்கெட்டிங் மேனேஜர் மரியாதையாக விலகி இடம் விட்டார். மூக்கையும் மரியாதையாகத்தான் பொத்திக்கொண்டார்.