காலையில் விரியும் மஞ்சள் பூ

இரண்டு வாரம் வெளியூரில் இருந்துவிட்டு, வெள்ளிக்கிழமை சாயங்காலம்தான் சர்வேயர் குடும்பம் வீடு திரும்பியது. வந்ததும் சர்வேயர் வாசற்படியில் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, புல்வெளியை ஒரு சுற்று பார்த்தார். ஒரே பச்சை. ரம்பப்பல் இலையும் மஞ்சள் பூவுமாக வருஷா வருஷம் தெருவையே வளைத்துப் போடும் களை, அவர் வேலிக்குள் மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. குனிந்து பார்த்திருந்தால் வேறு கதை. அவர் எதற்கும் குனிந்தவரில்லை.

மகளைக் கட்டிக்கொள்ளப்போகிற பையனின் அப்பாவுக்குப் போன் போட்டார். அவர் பேக்கரிக்காரர், மறுநாள் கல்யாணத் தேதி பேச வருகிறார்.

"தெருவைப் பார்த்து எங்களை எடை போட்டுடாதீங்க சம்பந்தி. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இந்த வேலிக்குள்ள ஒரு களை தலைகாட்டினதில்ல. ஒரே ஒரு மஞ்சப் பூ காட்டுங்க, அங்கேயே மீசையை எடுத்துடறேன்!"

"எதுக்குங்க இந்த வாய்?" என்றாள் மனைவி.

மறுநாள் காலை பத்து மணி. நல்ல வெயில். கதவைத் திறந்தவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. புல்வெளி முழுக்க மஞ்சள்! பொழுது சாய்ந்ததும் பச்சை உறைக்குள் மூடிக்கொண்ட பூக்கள், வெயில் பட்டதும் விரிந்து அவரைப் பார்த்துச் சிரித்தன. காரும் வந்து நின்றது.

பேக்கரிக்காரர் புல்லைப் பார்த்தார், மீசையைப் பார்த்தார். அந்தப் பார்வைதான் சர்வேயருக்குத் தாங்கவில்லை.

"உட்காருங்க சம்பந்தி. அஞ்சு நிமிஷம். சவரம் பண்ணிட்டு வந்துடறேன்."

மகள் குறுக்கே பாய்ந்தாள். "ஐயோ அப்பா! கல்யாண போட்டோவுல உங்களை யாருன்னு சொல்லுவேன்?"

"வழி விடும்மா. வாக்கு குடுத்தாச்சு."

ரேசரைக் கையில் எடுத்தேவிட்டார். பேக்கரிக்காரர் ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"நில்லுங்க சம்பந்தி. போன மாசம் நீங்க எங்க வீட்டுக்கு வந்தப்போ, ஏன் ஆறு மணிக்கு மேல வாங்கன்னு சொன்னோம்?"

"கடையில வேலைன்னீங்க."

"வேலையாவது ஒண்ணாவது! எங்க வீட்டுலயும் இதே பூதான். கால் வைக்க இடமிருக்காது. பொழுது சாஞ்சாத்தான் மூடிக்கும்."

கூடத்தில் பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சர்வேயர் சிரிக்கவில்லை. ரேசரைக் கீழே வைத்துவிட்டு முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"அப்படின்னா அடுத்த ஞாயித்துக்கிழமை நாங்க உங்க வீட்டுக்கு வர்றோம் சம்பந்தி," என்றார். "காலையில பத்து மணிக்கு."