இடப்பக்கத்துச் சுரம்

பழுது பார்க்கும் கடைக்காரி அந்தச் சின்தசைசர் கீபோர்டை மூன்றாம் முறையாகப் பிரித்துப் பார்த்துவிட்டாள். ஒரு கம்பிகூட விட்டுப்போகவில்லை.

"கோரஸ் போட்டா சுரம் தள்ளாடுதும்மா, குடிகாரன் மாதிரி," என்றார் எதிரே இருந்த கீபோர்டுகாரர். முப்பது வருஷமாகப் பிரார்த்தனைக் கூடத்தில் ஹெட்போன் மாட்டி வாசிப்பவர். "நாலு பேர் சேர்ந்து பாடுற மாதிரி நெறைஞ்சு வரணும். வரலயே. பாட்டு நடுவுல நிறுத்தித் திருகிக்கிட்டே இருக்கேன்னு அங்க ஏசுறாங்க."

அவள் ஹெட்போனை மாட்டிக் கேட்டாள். நிறைவாகத்தான் வந்தது. அவர் மாட்டினால் மட்டும் தள்ளாடியது.

அவளுக்குச் சுருக்கென்றது. இந்தப் பெட்டியில் இடப்பக்கம் சுரம் நேராக வரும். வலப்பக்கம் அதே சுரம் இம்மி பிந்தி, ஏறி இறங்கி அலையும். இரண்டும் சேர்ந்து கேட்டால்தான் ஒன்று பலவாகும், அதுதான் கோரஸ். அலைவதை மட்டும் கேட்பவருக்கு அது கோளாறாகத்தான் படும்.

"அண்ணே, ஹெட்போனை எடம் வலம் மாத்திப் போடுங்க."

போட்டார். "அட, தள்ளாட்டம் நின்னுடுச்சு! ஆனா ஒத்தைக் குரலாத்தானே வருது?"

நல்ல சொல்லாக நாவில் வரவேண்டுமே என்று அவள் கடவுளை வேண்டிக்கொண்டாள்.

"கோளாறு பெட்டியில இல்லண்ணே. உங்க இடது காது கேக்கல."

"போம்மா, நீ வேற! இப்ப நீ பேசுறது கேக்குதே?" சிரித்தபடியே வலக்காதை விரலால் பொத்திக்கொண்டார். அவள் பேசினாள். உதடு அசைவது மட்டும் அவருக்குத் தெரிந்தது. முகத்திலிருந்த சிரிப்பு அப்படியே காய்ந்துபோயிற்று.

மெல்ல விரலை எடுத்தார்.

"என் வீட்டுக்காரி இடப்பக்கந்தான் படுப்பா. நான் வலக்காது தலையணையில பதிய ஒருக்களிச்சுப் படுப்பேன். கல்லுகிட்ட பேசுற மாதிரி இருக்குன்னு போன மாசம் அவ அண்ணன் வீட்டுக்குப் போயிட்டா. நான் அவதான் பேச்சை நிறுத்திட்டான்னு முறைச்சுக்கிட்டுக் கிடந்தேன்."

"போன் போட்டுச் சொல்லுங்கண்ணே."

"எடுக்க மாட்டேங்குறா."

இரண்டு பக்கத்துச் சுரத்தையும் ஒன்றாக்கி வலக்காதுக்கு வரும்படி அவள் கம்பியைப் பற்றவைத்துக் கொடுத்தாள். பிறகு கடையைப் பூட்டினாள்.

"வாங்க. முதல்ல காது டாக்டர். அங்கேருந்து நேரா உங்க மச்சான் வீடு. அண்ணிகிட்ட நானே சொல்றேன்."

சாலையில், வண்டிகள் வருகிற பக்கமாக, அவருக்கு இடப்புறம் அவள் நடந்தாள்.

"ராத்திரியில அவ என்னென்ன சொன்னாளோ," என்றார் அவர், யாரிடமோ போல. "ஒண்ணுக்காவது 'ம்' சொல்லியிருப்பேனா?"

அவள் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்தாள்.