அவள் கொடுக்காத சிறுநீரகம்

ஷூ ஏறவில்லை. ஹம்பிஸின் பாதங்கள் கடைசி வாரத்தில் வீங்கியவை. செத்த பிறகும் வற்றவில்லை. தங்கை தெஸ்பூ குதிகாலைப் பிடித்துக்கொள்ள, மனைவி ரோதூ ஷூவை முட்டித் தள்ளிக்கொண்டிருந்தாள்.

"கத்திரிக்கோல் எடு. பின்பக்கத்தை வெட்டிடலாம்."

"புது ஷூ, அண்ணி."

"நடந்தா வரப் போறாரு?" ரோதூ நிமிர்ந்தாள். "கிட்னி குடுக்கத்தான் உனக்கு மனசு வரல. ஷூவையாவது விடேன்."

தெஸ்பூ கத்திரிக்கோலைக் கொடுத்தாள். ஏழு வருஷமாகக் கேட்கும் பேச்சு. ரோதூவைக் குறை சொல்ல முடியாது. வாரத்தில் மூன்று நாள் மலையிலிருந்து தலைநகர் நிக்கோசியாவுக்குப் புருஷனை டயாலிசிஸுக்கு ஓட்டிப்போனவள்.

தெஸ்பூ பிறந்த வீட்டு ஆண்களுக்குத் தொண்டை கட்டினால் மறுநாளே சிறுநீர் கறுத்துப் போகும். அப்பா ஐம்பத்திரண்டில் போனார், சித்தப்பா நாற்பத்தொன்பதில். மலைக்குளிர் ஆண்களின் இடுப்பில் இறங்குகிறது என்று ஊர் சொன்னது. அதனால் ஆகஸ்டிலும் அவர்களுக்குக் கம்பளி பனியன். பெண்கள் எல்லோரும் எண்பது தாண்டினார்கள். ஏழு வருஷத்துக்கு முன் தெஸ்பூவும் அந்தக் குளிர்க் கதையை நம்பித்தான், சிறுநீரகம் கொடுக்கப் பரிசோதனைக்குப் போனாள்.

"ரத்தம் பொருந்துது," என்றார் டாக்டர். "ஆனா அண்ணனுக்கு இருக்கிற அதே பரம்பரைக் கோளாறு உங்களுக்கும் இருக்கு, உங்க கிட்னி ஆகாது. பெண்களை அது அவ்வளவா சாய்க்காது. ஆனா பிள்ளைங்களுக்குக் குடுத்துடுவீங்க. பாதிக்குப் பாதி வாய்ப்பு."

வெளியே பெஞ்சில் ஹம்பிஸ் எள்ளு ரொட்டி தின்றுகொண்டிருந்தான். அவள் சொன்னதைக் கேட்டு ரொம்ப நேரம் மென்றான்.

"உன் மகனுக்குக் கல்யாணம் எப்போ?"

"செப்டம்பர்ல."

"அப்போ பயந்துட்டேன்னு சொல்லிடு. முதல்ல அவன் கல்யாணம் நடக்கட்டும்."

"ஊரே காறித் துப்பும்ணே."

"துடைச்சுக்கோ. கோழிக்குப் பயந்து மரமேறினவதானே நீ, எல்லாரும் நம்புவாங்க."

கல்யாணம் முடிந்ததும் சொல்வதாக இருந்தார்கள். அப்புறம் மருமகள் முழுகாமலிருந்தாள். அப்புறம் இரண்டாவது குழந்தை. ஒவ்வொரு தடவையும் ஒரு நல்ல காரணம் கிடைத்தது.

அடக்கம் முடிந்து தேவாலய முற்றத்தில் ரொட்டியும் ஆலிவும் ஹலூமிப் பாலாடைக்கட்டியும் பரிமாறினார்கள். தெஸ்பூவின் மகன் பனிகோஸ் இரண்டு நாளாக இருமிக்கொண்டிருந்தான். அதோடுதான் சவப்பெட்டியைத் தூக்கினான். கழிப்பறைப் பக்கமிருந்து வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"ஒரு கிளாஸ் வைன்தான் குடிச்சேம்மா. ஒண்ணுக்குல அப்படியே வெளிய வருது."

"என்ன நிறம்?"

"சாவு சாப்பாட்டுல கேக்கற கேள்வியா இது?"

"என்ன நிறம்டா?"

"கோலா மாதிரி. மூஞ்சி ஏன் இப்படிப் போகுது? அதெல்லாம் உங்க வீட்டு ஆம்பளைங்களுக்கு. நான் அப்பா வம்சம்."

எதிரே ரோதூ ஆலிவ் கொட்டையை உள்ளங்கையில் துப்பிக்கொண்டிருந்தாள். வேறு இடத்துக்கு அவனைக் கூட்டிப்போய்ச் சொல்லலாம். நாளைக்குச் சொல்லலாம். அந்த நாளைகளைத்தான் தெஸ்பூ ஏழு வருஷமாகத் தின்றிருந்தாள்.

"நான் பயப்படலடா. எனக்கும் அது இருக்கு. அதனாலதான் என் கிட்னி ஆகாதுன்னுட்டாங்க. உனக்கும் வந்திருக்கலாம்னு அப்பவே சொன்னாங்க."

பனிகோஸ் ரொட்டியைக் கீழே வைத்தான். "மாமாவுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"என் பிள்ளைங்களுக்கு?"

"உனக்கு இருந்தா, பாதிக்குப் பாதி. சீக்கிரம் தெரிஞ்சா மருந்தால கொஞ்சம் தள்ளிப்போடலாமாம்."

"அதையும் அப்பவே சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

அவன் எழுந்து காரைப் பார்த்து நடந்தான். திரும்பிப் பார்க்கவில்லை.

ரோதூ கொட்டையை மேஜையில் வைத்தாள். "நான் உன்னைத் திட்டுறப்பல்லாம் சிரிப்பாரு, அந்த மனுஷன். சுரணை இல்லன்னு அவரையும் சேர்த்துத் திட்டுவேன்."

ரோதூ இரண்டு ரொட்டிகளைப் பிளந்து ஹலூமியை அடைத்து, காகிதத்தில் சுற்றித் தெஸ்பூவின் மடியில் வைத்தாள்.

"ரெண்டு வெச்சிருக்கேன். ஆஸ்பத்திரியில எவ்வளவு நேரம் ஆகுமோ."

"அவன் என்னைக் கூட்டிட்டுப் போவானா அண்ணி?"

"போய் நில்லு."

கார் ஸ்டார்ட் ஆகும் சத்தம் கேட்டது. ஆனால் நகரவில்லை. பிறகு ஹாரன் ஒரு தடவை அடித்தது, சனிக்கிழமைகளில் அவளைச் சந்தைக்குக் கூப்பிடும்போது அடிப்பதுபோல, சின்னதாக.