பிரிப்பவர் எடுக்கக் கூடாது

தனபாலன் வந்து இறங்கிய அன்றே பங்கஜத்துக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. மனிதர் சாப்பிட்ட தட்டைத் தானே கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

இத்தனை வருஷக் குடித்தனத்தில் பக்கத்தில் இருக்கும் தண்ணீர்ச் செம்பைக்கூட எட்டி எடுத்தறியாத கை அது. கழுவியதோடு விட்டாரா? அடுக்களை வாசலில் வந்து நின்று, “நீ சாப்ட்டியாட்டி?” என்று வேறு கேட்டார். “ம்” என்று சொல்லிவிட்டுப் பங்கஜம் குழம்புச் சட்டியைக் கழுவப் போனாள். இது நல்லதுக்கில்லை என்று அவள் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

மகன் முத்துகிருஷ்ணனுக்குத் தி. நகரில் பாத்திரக் கடை. குடியிருப்பு கே.கே. நகரில். அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது, மூன்று மாசம் கூடமாட இருந்துவிட்டு வருகிறேன் என்று ரயிலேறியவள்தான் பங்கஜம். அந்தப் பிள்ளை ஸ்ரீஹரி இப்போது மூன்றாம் வகுப்பு. தனபாலன் சொந்த ஊரான ஏரலிலேயே வாழையும் தென்னையுமாக இருந்துவிட்டார். விசேஷம் என்றால் வருவார். சாப்பிட்டுக் கை கழுவின ஈரம் காய்வதற்குள், “தண்ணி பாய்ச்சணும்” என்று கிளம்பிவிடுவார். இந்தத் தடவை விசேஷமும் இல்லை, கிளம்புகிற பேச்சும் இல்லை. வந்த மறுநாள் காப்பியை ஆற்றிக்கொண்டே, “இருக்கும்போதே எல்லாத்தையும் பிரிச்சுக் குடுத்துரலாம்னு பாக்கேன்” என்றார்.

மகன் முகத்தில் வெளிச்சம். மருமகள் தாரணி முகத்தில் அதைவிடக் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம். பங்கஜத்துக்கு மட்டும் பயம் பிடித்துக்கொண்டது.

அதற்குக் காரணம் அவளுடைய அக்கா சண்முகவடிவு. அத்தான் சொத்தைப் பிரித்தபோது மகன்கள் இரண்டு பேருக்கும் சரிபாதி கொடுத்தார். கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார்: “அம்மாவ மாறி மாறி வச்சுக் காப்பாத்துங்க.” அத்தோடு அக்காவும் பங்குக்கு வந்த ஒரு சாமான் ஆகிவிட்டாள். ஆறு மாசம் மூத்தவன் வீடு, ஆறு மாசம் இளையவன் வீடு. போன ஐப்பசியில் இளையவன் கெடு முடிந்து மூத்தவன் வீட்டுக்குப் போனால் கதவு பூட்டியிருந்தது, குடும்பத்தோடு ஊட்டிக்குப் போயிருந்தார்கள். அக்கா மாடிப்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தாளாம். அதைக் கேட்ட நாளிலிருந்து பங்கஜத்துக்கு ஒரே ஒரு ஆசைதான். தன் பேரில் ஒரு துண்டு நிலம். காணி இருந்தால் போதும். அதில் நின்றுகொண்டு யாரையும் ‘வா’ என்றும் ‘போ’ என்றும் சொல்லலாம்.

ஆனால் அதை வாய்விட்டுக் கேட்பது எப்படி? அவர்கள் குடும்பத்தில் பெண்டாட்டிக்குப் பங்கு வைத்தவர் யாருமில்லை. கேட்டவளும் யாருமில்லை.

அடுத்து வந்த நாட்களில் வீடே குசுகுசுவென்று ஆகிவிட்டது. தனபாலன் யாரையும் கூட்டிக்கொள்ளாமல் பஸ் பிடித்து அடையாறில் மகள் அனுப்ரியா வீட்டுக்குப் போய்விட்டு வந்தார். “அங்க என்ன பேசினீங்க?” என்று மகன் கேட்டதற்கு, “மாப்பிள்ளைக்கு மூட்டு வலி” என்றார். முத்துகிருஷ்ணன் அதை நம்புவானா? ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அம்மாவை ஓரங்கட்டினான்.

“அம்மா, அனுவுக்கு ரோட்டு நிலத்தைக் குடுக்கிறதா ஏதாவது சொன்னாரா?”

“எங்கிட்ட யாருப்பா சொல்லுதா?”

அவன் அதையும் நம்பவில்லை. மகளோ விடிந்ததும் ஒரு போன், மத்தியானம் ஒரு போன். “அண்ணன் என்னம்மா சொல்றான்? அண்ணி அப்பாவ ரொம்பத்தான் விழுந்து விழுந்து கவனிக்கிறாளாமே?” ஆளாளுக்குப் பங்கஜத்தை ஒற்று வேலைக்குத்தான் கூப்பிட்டார்கள். உனக்கு என்னம்மா வேண்டும் என்று ஒரு பிள்ளை கேட்கவில்லை. பெற்ற வயிறு எரிந்தது.

இதற்கிடையில் தனபாலன் தினமும் காலையில் ‘நடை’ போக ஆரம்பித்தார். வரப்பில் நாள் பூராவும் நடக்கிற மனுஷனுக்குப் பட்டணத்தில் என்ன நடை? நாலாவது நாள் பங்கஜம் காய்கறிப் பையை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனாள். மார்க்கெட் தாண்டி, சந்து முனையில் ஜைதூன் பீ என்று ஒரு அம்மாள் தள்ளுவண்டியில் இட்லிக் கடை போட்டிருந்தாள். மனிதர் அங்கே போய் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வீட்டில் சுடச்சுட ஆப்பம் தின்றுவிட்டு வந்தவர்! அவள் மருந்துக்கடைப் படியில் ஏறி நின்று பார்த்தாள். அவர் தின்னவில்லை. குனிந்து சட்டிக்குள் பார்ப்பதும், என்னவோ கேட்பதும், தலையை ஆட்டுவதுமாக இருந்தார். அவர் எழுந்து போனதும் பங்கஜம் வண்டியருகே போனாள்.

“இப்ப இங்க உக்காந்திருந்தாரே, அவரு...”

“உன் வூட்டுக்காரராம்மா?” ஜைதூன் பீ கரண்டியோடு நிமிர்ந்தாள். “நல்ல மனுசன்தான். ஆனா துன்றதுக்கு வரமாட்டாரு. டெய்லி வந்து குந்திக்கினு ஒரே கேள்வி. ஒரு ஆளுக்கு எவ்ளோ அரிசி போடணும், கொழம்புல உப்பு ஜாஸ்தியாப் பூட்டா இன்னா பண்றது, மாவு எத்தினி நாளு தாங்கும்... இன்னா, ஓட்டல் கீட்டல் வைக்கப் போறாரா?”

“ஒரு ஆளுக்கா கேட்டாரு?”

“ஒரு ஆளுக்குத்தான். நான்கூட கேட்டேன், சம்சாரம் இல்லியா நைனான்னு. கீறாங்கன்னு சொல்லிட்டு சிரிச்சாரு.”

சிரித்தாராமே! பங்கஜம் கால் கிலோ வெண்டைக்காய்கூட வாங்காமல் திரும்பினாள். எல்லாம் பளிச்சென்று விளங்கிவிட்டது. சொத்தைப் பிள்ளைகளுக்கு எழுதிவிட்டு, அவளை அவர்கள் தலையில் கட்டிவிட்டு, தான் மட்டும் ஊரில் ஒற்றை ஆளுக்கு வடித்துத் தின்றுகொண்டு நிம்மதியாக இருக்கத் திட்டம். அதற்குத்தான் தட்டுக் கழுவிப் பழகுகிறார். அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் வைத்துப் பிரிப்பதாகச் சொல்லியிருந்தார். ‘மாறி மாறி’ என்று ஒரு சொல் அவர் வாயில் வரட்டும், சாமி சந்நிதி என்றும் பார்க்கமாட்டேன் என்று நடுத்தெருவிலேயே முடிவு கட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வடபழனி கோயிலுக்குப் போனார்கள். சாமி முன்னால் பிரித்தால் பின்னால் பேச்சு வராது என்பது தனபாலன் கணக்கு. முகூர்த்த நாள். மாலையும் கழுத்துமாக ஜோடிகள் நெரிந்துகொண்டிருந்தன. அர்ச்சனை முடிந்து, கூட்டம் குறைந்த ஒரு மூலையாகப் பார்த்துப் பிராகாரத்தில் உட்கார்ந்தார்கள். தனபாலன் அர்ச்சனைத் தட்டிலிருந்து வெற்றிலையையும் தேங்காய் மூடியையும் வாழைப்பழத்தையும் எடுத்துத் துண்டின் மேல் வரிசையாக வைத்தார்.

“நம்ம ஊரு முறை தெரியும்லா? பிரிக்கவன் எடுக்கக் கூடாது. இளையவங்க முதல்ல எடுக்கணும். அப்பத்தான் பிரிக்கவன் ஓரம் பேசமாட்டான்.” பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். “வெத்தில, ரோட்டு மேல உள்ள நிலம். தேங்கா, தென்னந்தோப்பு. பழம், கிணத்தடித் தோட்டம். வீடும் அதோட சேந்தது.”

அனுப்ரியா யோசிக்கவே இல்லை. வெற்றிலையை எடுத்தாள். நாலுவழிச் சாலை வருகிற பேச்சு அவளுக்கும் எட்டியிருந்தது. முத்துகிருஷ்ணன் உதட்டைக் கடித்துக்கொண்டு தேங்காயை எடுத்தான். தோப்பு என்றால் சும்மா இருந்தாலும் காய் விழும் என்பது கடைக்காரன் புத்தி. பழம் மட்டும் துண்டில் கிடந்தது.

முத்துகிருஷ்ணன் தொண்டையைச் செருமினான். “சரிப்பா. மூணாவது உங்களுக்கு. உங்க காலம் வரைக்கும் அது உங்ககிட்டயே இருக்கட்டும். அம்மாவ நானும் அனுவும் மாறி மாறி...”

அப்பன் வாயில் வரும் என்று பங்கஜம் காத்திருந்த வார்த்தை பிள்ளை வாயில் வந்துவிட்டது.

“எலேய், நிறுத்து,” என்றார் தனபாலன். “எனக்குன்னு யாரு சொன்னா? பிரிக்கவன் எடுக்கக் கூடாதுன்னு இப்பத்தான சொன்னேன்?” அவள் பக்கம் திரும்பினார். “எடுட்டி. அது உனக்கு.”

அவள் கையை நீட்டவில்லை. போன ஐப்பசியிலிருந்து கேட்காமல் கேட்ட பொருள் கண்ணெதிரே கிடக்கிறது. ஆனாலும் சும்மா வருகிற பொருளை நம்புகிற வயசா இது?

“இதுல என்ன வில்லங்கம்?”

“ஒரு வில்லங்கமும் இல்ல.”

“கடன் இருக்கா?”

“கிடையாது.”

“உங்க உடம்புக்கு ஏதும் ஒளிக்கியளா?”

“கல்லு மாதிரி இருக்கேன்.”

“வேற எவளாவது...?”

“அம்மா!” என்று அனுப்ரியா அலறினாள். பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு மாப்பிள்ளை திரும்பிப் பார்த்தான்.

முத்துகிருஷ்ணனுக்கு அப்போதுதான் வேறொன்று உறைத்தது. “அப்பா, தோப்புக்குத் தண்ணி?”

“அந்தக் கிணத்துலருந்துதான். உங்கம்மாட்ட கேட்டுப் பாய்ச்சிக்கோ.”

அவன் தேங்காய் மூடியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தான். எடுத்ததைத் திருப்பி வைக்க முறை கிடையாது. தாரணிக்கோ கவலை வேறு பக்கம். “அத்தை ஊருக்குப் போயிட்டா ஸ்ரீஹரிய ஸ்கூல்ல யாரு விட்டுக் கூட்டிட்டு வர்றது?” என்று புருஷனிடம் கேட்பது போல ஊருக்கே கேட்கக் கேட்டாள்.

பங்கஜம் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். இவர்களுக்குப் பிள்ளையைக் கூட்டி வர ஆள் வேண்டும். அப்படியானால் அவருக்கு? வீடு அந்தப் பங்கோடு சேர்ந்தது. வீடு அவள் பேரில் என்றால் அவள் போய்த்தான் ஆகவேண்டும். போனால் அடுப்படி. இட்லி வண்டியில் ஸ்டூல் போட்டுப் பாடம் கேட்டும் கைவராமல்தான் இந்தச் சுற்று வழியா?

“நேராச் சொல்லுங்க. சமைக்க ஆளில்லைன்னுதான இத்தனையும்?”

தனபாலன் துண்டின் ஓரத்தை இழுத்து இழுத்து நேராக்கினார். பிள்ளைகள் முன்னால் பேசிப் பழகாத பேச்சு. நாதஸ்வரம் ஒரு மூச்சு விட்ட நேரம் பார்த்துச் சொன்னார்.

“சமைக்கப் படிச்சிட்டேன். ஒத்தையில உக்காந்து திங்கத்தான் முடியல.”

பங்கஜத்துக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பொய் சொல்வானேன், கண்ணும் நிறைந்தது. கூடவே எரிச்சலும் வந்தது. இதை ஒரு போனில் சொல்லியிருக்கக் கூடாதா? அவள் ஒவ்வொரு தடவையும் “வேற என்ன?” என்று கேட்டுக் காத்திருந்தாளே, “வேற ஒண்ணுமில்ல” என்று வைத்தாரே! இந்த ஒரு வாக்கியத்தைச் சொல்ல மனுஷனுக்கு ஒரு தோட்டமும் கிணறும் வீடும் தேவைப்பட்டிருக்கிறது. இந்த உருக்கத்தில் மயங்கி அவள் நாளைக்கே ரயிலேறினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியும். பேர் பத்திரத்தில் இருக்கும். கை கரண்டியில் இருக்கும்.

பழத்தை எடுத்தாள். உரித்தாள். அங்கேயே தின்றாள். இனி யாரும் திருப்பிக் கேட்க முடியாது.

“நிலம் எனக்குத்தான?”

“உனக்குத்தான்.”

“வீடும்?”

“வீடும்.”

“நாளைப் பின்ன மாத்திப் பேசமாட்டியளே?”

“முருகன் முன்னால உக்காந்திருக்கேன்.”

“சரி.” தோலை மடித்துத் தட்டில் வைத்துவிட்டு முதலில் மருமகளிடம் திரும்பினாள். “தாரணி, ஸ்ரீஹரிக்குப் பள்ளிக்கூடம் தெறக்கயில வேன் சொல்லிரு. நான் எப்ப எங்க இருப்பேன்னு சொல்ல முடியாது. தோட்டம் இருக்குல்லா, போக வர இருக்கணும்.” மகனையும் மகளையும் பார்த்தாள். “என்னைய யாரும் மாறி மாறி வைக்க வேண்டாம்.” பிறகு புருஷனைப் பார்த்தாள். “தோட்டத்தக் குத்தகைக்கு விடுதேன்.”

“குத்தகைக்கா?” முத்துகிருஷ்ணன் பதறினான். “யாருக்கும்மா?”

“ஒங்கப்பாவுக்குத்தான். வேற யாருக்கு அந்த மண்ணு தெரியும்? வீட்டுலயும் இருந்துகிடட்டும்.”

அனுப்ரியா வாயைப் பொத்திக்கொண்டாள். தனபாலன் சிரிக்கவில்லை. அந்தத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். இதுநாள்வரை பெண்டாட்டியிடம் எதற்கும் அனுமதி கேட்டதில்லை. சம்மணம் போட்டிருந்த காலை ஒருமுறை மாற்றி உட்கார்ந்தார். புதிதாக நிலம் கேட்டு வந்த ஆள் பேசுவது போலக் குரலைத் தணித்துக்கொண்டார்.

“எத்தன வருசத்துக்கு?”

“ஒரு வருசம்,” என்றாள் பங்கஜம். “அடுத்த சித்திரையில, போன்ல இல்ல, நேர்ல வந்து கேளுங்க. பாக்கேன்.”