வட்டக்கானலில் ஓடும் நைல்

செல்வின் சுவரில் வரைந்த வாத்து ஒரு புதன்கிழமை முட்டையிட்டது. வட்டக்கானலில் அவர் மனைவி ஆக்ஸிலியா நடத்திவந்த விடுதியின் சாப்பாட்டு அறையில், சுவரோரம் முட்டை இளஞ்சூட்டோடு கிடந்தது. ஆக்ஸிலியா அதை ஆம்லெட் போட்டு, பெங்களூரிலிருந்து வந்து தங்கியிருந்தவர்களுக்குக் கொடுத்தாள். உப்பு குறைச்சல் என்றார்கள், வேறு புகார் இல்லை.

செல்வின் பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவர். எகிப்தியக் கல்லறைச் சித்திரங்கள் மேல் தீராத பித்து. அந்த ஊரார் கல்லறைச் சுவரில் ரொட்டியும் மீனும் கோதுமை வயலும் தீட்டியது அழகுக்காக மட்டுமல்ல, செத்தவர் பசியாறத்தான் என்று பரோட்டாவைப் பிய்க்கும்போதுகூடச் சொல்வார். நுரையீரல் கெட்டு வேலையை விட்டதும் சாப்பாட்டு அறைச் சுவரில் நைல் நதியை ஓடவிட்டார். மழைக்காலத்தில் அது கரை தாண்டியது. ஆக்ஸிலியா வெள்ளனே எழுந்து வண்டலைக் கூட்டித் தள்ளினாள். பங்குச் சாமியார் வந்து பார்த்து, கோதுமை நன்றாக விளைந்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

மதுரை டாக்டர்கள் கைவிரித்த பிறகு, செல்வின் ஆற்றில் ஒரு படகை வரைந்து அதில் தன்னை உட்காரவைத்தார். ஆக்ஸிலியாவுக்குப் புரிந்துவிட்டது.

“பக்கத்துல எடம் சும்மாதான கெடக்கு. என்னைய எங்கங்க?”

“ஒன்னைய வரைஞ்சா கூடவே வந்துருவ. ஒனக்கு இங்கன சோலி இருக்கு, புள்ள.”

“மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பி வச்சிருக்கீங்களே, என்னைய எப்பிடிப் பாப்பீங்க?”

“அந்த ஊரு வழக்கம் அப்பிடி. மூஞ்சி ஒரு பக்கமாப் போனாலும் கண்ணு முழுசா இருக்கும். நீ எங்கிட்டு நின்னாலும் தெரியும்.”

கருவிழியை வைத்ததும் சுவரிலிருந்த கண் திறந்துகொண்டது. நாற்காலியிலிருந்த செல்வின் கண்ணை மூடிக்கொண்டார்.

அடக்கம் முடிந்து பல வாரங்கள் ஆக்ஸிலியா அந்தச் சுவரோடு பேசவில்லை. தன்னை விட்டுப் போன கோபம். பிறகொரு நாள் மேசை துடைக்கும்போது கவனித்தாள், படகிலிருந்தவர் முகம் வாடியிருந்தது. மீன், கோதுமை, வாத்து என்று எல்லாம் வைத்துக்கொண்ட மனிதர் காப்பியை விட்டுவிட்டார். அந்தக் காலத்து எகிப்தியர்களுக்குக் காப்பி தெரியாது. தூரிகையே பிடித்தறியாதவள் கோணல்மாணலாக ஒரு டம்ளர் வரைந்தாள், செம்பு மாதிரி வந்தது. விருந்தாளிகளுக்கு இட்லி வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் அது காலி.

மார்கழிக் குளிருக்குக் குரங்குக் குல்லா வரைந்து கொடுத்தாள். போட்டுக்கொண்டார். இப்போது விடுதிக்கு வருகிறவர்களிடம் சாவியைக் கொடுக்கும்போது ஒன்றை மட்டும் சொல்கிறாள்:

“சாப்புடுறப்ப அந்தச் செவுத்தை ஒட்டி நாற்காலி போட்டுராதீங்க. அவருக்கு என்னைய மறைக்கும்.”